கைது உத்தரவு இல்லாத குழந்தை

போர் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலை, மருத்துவச்சி ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் புதியவர். இன்னொருவர் பக்கத்துத் தெருக்காரர். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் இந்த உலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் இவள்தான். அவர் இவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தோல் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வீட்டுல மூணாவதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா..." என்று இழுத்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "கோச்சுக்காதீங்க. நான் வர மாட்டேன்னுதான் சொன்னேன். தெரிஞ்ச ஆள் போனா சத்தமில்லாம முடியும்னு என்னையே அனுப்பிட்டாங்க."

தாளில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'எதிரி நாட்டவர்' என்று முத்திரை குத்தியிருந்தது. ஒரு பெட்டி, ஒரு போர்வை, இரண்டு செட் உடை எடுத்து வரலாம். ஒரு மணி நேரம் அவகாசம்.

மருத்துவச்சிக்கு நாற்பத்தாறு வயது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, இரண்டு வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவள். அந்த நாட்டில் ஒரு தெருவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அதன் மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திட்டிய சொற்கள் மட்டும்தான். குடும்பம் வந்து ஐந்து வருடம் கழித்து, இதே வீட்டின் பின்னறையில் தம்பி பிறந்தான். குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொன்னார். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே காலத்தை ஓட்டிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

டிராம் கண்டக்டரான தம்பி, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கய்யா நாங்க! அவ எதிரின்னா நான் யாரு?"

"நீங்க இங்க பொறந்தவர். உங்க பேருல உத்தரவு இல்ல" என்றார் புதியவர்.

"அப்போ நானும் அவகூட வரேன்."

"உனக்கு டிக்கெட் கிடையாதுடா" என்றாள் மருத்துவச்சி. "போய் மிச்ச முகத்தையும் வழி. வேலைக்கு நேரமாகுது." சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியில் துணி வைக்கும்போதுதான் ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தாள். ஆயிரக்கணக்கான தலைகளைப் பிடித்த கைக்கு அந்த ஒரு துணி அடங்கவில்லை.

எதிரி நாட்டவரை அடைத்து வைத்த முகாம் என்பது ஊருக்கு வெளியே ஓடாமல் கிடந்த ஒரு நூற்பாலை. எந்திரங்களை எல்லாம் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் அவை நின்ற இடங்களில் துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கவனமில்லாமல் நடந்தால் கால் நகம் பெயர்ந்துவிடும். பஞ்சுத் தூசு மட்டும் போகவே இல்லை. உத்தரத்தில், ஜன்னல் விளிம்பில், போர்வையில் என எங்கும் இருந்தது. வந்த புதிதில் எல்லோரும் மாற்றி மாற்றித் தும்மினார்கள். பெண்கள் நூல் கிடங்கில், ஆண்கள் நெசவுக் கொட்டகையில். நடுவில் முள்கம்பி வேலி.

வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மருத்துவச்சி நின்றுவிட்டாள். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தா. ஊரிலுள்ள மருத்துவச்சிகள் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் புள்ளி சார். பிறப்புச் சீட்டில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலில் நின்று அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். பதிவேடு எழுதுவதில் கெட்டிக்காரர் என்று அவரை முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.

"பெயர்?" என்றார், நிமிராமல்.

"இருபத்திரண்டு வருஷமா எழுதிக்கிட்டுதானே இருக்கீங்க."

"நீங்க சொல்லணும், நான் எழுதணும். அதுதான் முறை."

சொன்னாள். எழுதினார். பிறந்த இடம் கேட்டார், வயது கேட்டார்.

"தொழில்?"

"எதிரி."

"அது அடுத்த கட்டத்துல வருது. தொழிலைச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. 'மருத்துவச்சி' என்று எழுதியவர், ஒரு நொடி யோசித்து, அதற்கு முன்னால் 'பதிவு பெற்ற' என்று நுணுக்கி எழுதிச் சேர்த்தார்.

"அது எதுக்கு?"

"உண்மைதானே? உண்மையா இருந்தா விடக் கூடாது."

அவளுடைய தோல் பையைக் காவலர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் கத்தரிக்கோல் இருந்தது. கத்தரிக்கோல் ஆயுதங்களின் பட்டியலில் வந்தது.

முதல் இரண்டு வாரம் அவள் கட்டிலை விட்டு எழுந்ததே தலை எண்ணும் நேரத்தில் மட்டும்தான். காலையும் மாலையும் சங்கு ஊதும். முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இருநூற்றுப் பதினோரு தலைகளை எண்ணி முடிக்கும்வரை அசையக் கூடாது. மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயிற்றுவலி என்று யாரோ வந்து கேட்டபோது, "நான் இங்க மருத்துவச்சி இல்ல. போய்க் காவல்காரங்களைக் கேளு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபத்தை இன்னும் கிளப்பியது.

பக்கத்துக் கட்டிலில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். இருபத்து மூன்று வயது. வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவள் என்பதால் டைப்பிஸ்ட் என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவள் கணவன் புகைப்படக்காரன், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தான். மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் அவனைத்தான் பிடித்தார்கள். ஒரு கல்யாண ஜோடியை ஆற்றுப் பாலத்தின்மேல் நிற்க வைத்துப் படம் எடுத்திருந்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் உளவு வழக்கில் வரவில்லை, பாலம் வந்துவிட்டது. இருவருமே நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சொந்தம் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஈ, எறும்புகூடக் கிடையாது.

டைப்பிஸ்ட் எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யும் பெண் இல்லை. ஒரு நாள் மத்தியானம், மருத்துவச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, அவள் கையைப் பிடித்து மெதுவாகத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"அக்கா, மேல உருண்டையா கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு. அது என்னன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. மேலே அழுத்தியது, பக்கவாட்டில் தடவியது, கீழே தேடியது. மருத்துவச்சி எழுந்து உட்கார்ந்தாள்.

"தலை" என்றாள். "மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கு. திரும்பணும்."

"திரும்பலன்னா?"

"திரும்பலன்னா நான் இருக்கேன்."

அன்று சாயங்காலமே அவள் முகாம் அதிகாரியைப் பார்க்கப் போனாள். அவர் பழைய பட்டாளத்துக்காரர். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போனவர். கேட்க விருப்பமில்லாத பேச்சு வந்தால் அந்தக் காதைத் திருப்பிக்கொள்வார் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். டைப்பிஸ்டைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றாள். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள். இடது காதைத் திருப்பினார். அவள் மேசையைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள்.

"பதில் வரலன்னு பிரசவம் நிக்காது. நூல் சோதிக்கிற அறைன்னு ஒண்ணு பூட்டியிருக்கே, பெரிய கண்ணாடி ஜன்னலோட, அது வேணும். வெந்நீர் போட அடுப்பு வேணும். என் பை வேணும்."

"பையில கத்தரிக்கோல் இருக்கு."

"தொப்புள்கொடியைப் பல்லாலயா கடிக்கச் சொல்றீங்க?"

அதிகாரி சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பதினைந்து பெண்கள் சேர்ந்து அந்த அறையை மூன்று நாள் தேய்த்துக் கழுவினார்கள். சுவரிலிருந்து பஞ்சு போர்வை போர்வையாக உரிந்து வந்தது. யாரோ தன் ஒரே நல்ல படுக்கை விரிப்பைக் கிழித்துத் துணி ஆக்கினார்கள். மருத்துவச்சி ஒரு பக்கம் அதட்டிக்கொண்டே இருந்தாள்: "அங்க மூலையில யாரு துடைச்சது? கண்ணாலயா துடைச்சீங்க?" திட்டு வாங்கியவர்கள் சந்தோஷமாகத் திரும்பத் துடைத்தார்கள்.

குழந்தை திரும்பவில்லை. மேலிடத்துப் பதிலும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் டைப்பிஸ்டுக்கு வலி முற்றியது. சங்கு ஊதி, மற்றவர்கள் முற்றத்துக்குப் போகும் நேரத்தில், முதலில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொரு கால். இந்த மாதிரிப் பிரசவத்தில் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது; கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. இடுப்புவரை வந்தபோது மருத்துவச்சி துணியால் சுற்றிப் பிடித்தாள். தோள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தாள். தலை மட்டும் நின்றது.

"அக்கா, என்னால முடியல."

"முடியலன்னு சொல்றவங்கதான் பெத்துக்கிறாங்க. என்னைப் பாரு. என் மூஞ்சியை மட்டும் பாரு. இப்போ!"

தலை வந்தது. பெண் குழந்தை. உடம்பு முழுக்க நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. மருத்துவச்சி வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலில் சுண்டினாள், தன் வாயை வைத்துச் சின்னச் சின்னதாக ஊதினாள். டைப்பிஸ்ட், "ஏன் சத்தமே இல்ல? ஏன் சத்தமே இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மருத்துவச்சி ஊதுவதை நிறுத்தவில்லை. பிறகு அந்த மார்புக்கூடு தானாக ஒரு தரம் ஏறி இறங்கியது. பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சின்னச் சத்தம். அடுத்தது, கண்ணாடி ஜன்னலே அதிரும் ஓர் அழுகை.

வெளியே தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணும்போது பேசவும் கூடாது, அசையவும் கூடாது. அழுகைச் சத்தம் கேட்டதும் புகைப்படக்காரனுக்குக் கால் நிற்கவில்லை; பக்கத்தில் நின்றவர் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நூல் சோதனை அறை வாசலில் நின்ற பெண் ஒருத்தி காவலாளியிடம் ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் எதையும் காட்டாமல் வந்து, ஆண்கள் வரிசையை விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். "நூத்தி ஆறு. நூத்தி ஏழு." புகைப்படக்காரனுக்கு எதிரில் வந்ததும் குரலை மாற்றாமலே சொன்னார்: "நூத்தி எட்டு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க. நூத்தி ஒம்பது."

நூற்றெட்டு அசையாமல் நின்றுதான் அழுதான்.

எண்ணி முடித்ததும் புதிய சிக்கல் வந்தது.

"கணக்கு சரியா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணு கூடுதுங்கய்யா."

"குறைஞ்சா என்ன செய்யணும்னு உத்தரவு இருக்கு. கூடினா?"

புள்ளி சார் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே பார்க்காமல், முறைப்படி கேட்க ஆரம்பித்தார்.

"பெயர் இன்னும் வைக்கல, சரி. பிறந்த இடம்?"

"இந்த ரூம்" என்றாள் மருத்துவச்சி. இரண்டு மணி நேரமாக நின்றதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அதாவது, இந்த ஊர்." எழுதினார். "நாடு?" என்று அவரே கேட்டுக்கொண்டார். பேனா நின்றது.

மருத்துவச்சியும் குடிப்பதை நிறுத்தினாள். "என் தம்பியும் இந்த ஊர்லதான் பொறந்தான். அதனாலதான் அவன் வெளியில இருக்கான். எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்தப் பக்கம்தான்."

"ஆமா."

"அப்போ இவ?"

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் கைது உத்தரவு எண் எழுத வேண்டும். இருநூற்றுப் பதினோரு பேருக்கும் எழுதியிருந்தார். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தைத் திருப்புவது அவருடைய ஆயுளில் நடக்காத காரியம்.

அன்று மத்தியானம் அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை அதிகாரி இரண்டு தரம் படித்தார். 'இந்நாட்டின் குடிமகள் ஒருவர் எவ்வித உத்தரவும் இன்றி இம்முகாமில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்.'

"என்னய்யா இது? பொறந்து அஞ்சு மணி நேரம்கூட ஆகல!"

"சட்டத்துல வயசு எதுவும் சொல்லலங்க ஐயா."

கடிதம் போன பிறகு முகாமே அந்தக் குழந்தையைக் குடிமகள் என்று கூப்பிட ஆரம்பித்தது. "குடிமகள் பால் குடிச்சாளா?" "சத்தம் போடாதீங்க, குடிமகள் தூங்குறா." காவலாளிகளில் ஒருவர் ஜன்னல் வழியாக அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை, வேலிக்கு ஆறடி தள்ளி நிற்க வேண்டிய புகைப்படக்காரன் மூன்றடியில் நின்று மகளைப் பார்த்தான். அன்று யாரிடமும் அளவுகோல் இல்லை.

பதினோராம் நாள் பதில் வந்தது. புள்ளி சார் அதைத் தானே கொண்டு வந்து மருத்துவச்சியிடம் காட்டினார். குழந்தை எதிரி நாட்டவர் அல்ல என்பது சரியே. ஆகவே அதை உடனே வெளியேற்றி அநாதை இல்லத்தில் ஒப்படைக்கவும். தாயின் உத்தரவில் மாற்றமில்லை.

டைப்பிஸ்ட் சத்தம் போட்டு அழவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு, கட்டில்களுக்குப் பின்னால் சுவரோடு சுவராகப் போய் உட்கார்ந்துகொண்டாள். யார் கிட்டே போனாலும் கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மருத்துவச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். கெடுத்தது நான்தான்."

"நீங்க கேட்டது சரியான கேள்வி. அவங்க சொன்ன பதில் அரைகுறை" என்றார் புள்ளி சார். அவர் முகத்தில் அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு களை வந்திருந்தது. சீட்டைத் திருப்பித் தருவதற்கு முன்னால் வரும் களை. "உங்களை அடைச்சாங்களே, உங்க மருத்துவச்சிப் பதிவை யாராவது ரத்து பண்ணினாங்களா?"

"எனக்கு ஒரு கடிதமும் வரல."

"வராது. யாரும் பண்ணல. நான் பார்த்துட்டேன். அப்போ நீங்க குடுக்கிற மருத்துவச் சான்று இன்னைக்கும் செல்லும்."

சுவரோரத்தில் டைப்பிஸ்ட் தலையைத் தூக்கினாள்.

முகாம் அலுவலகத்து டைப் மெஷினில் அவளேதான் அடித்தாள். மடியில் குழந்தை, குழந்தைக்கு மேலே இரண்டு கையும் ஓடின. மருத்துவச்சி சொன்னாள், புள்ளி சார் சட்டப் பிரிவுகளைச் சேர்த்தார், வக்கீல் அலுவலகத்தில் பழகிய டைப்பிஸ்ட் வாக்கியத்தை இறுக்கினாள். இந்தக் குழந்தை சிக்கலான பிரசவத்தில் பிறந்தது. தாய்ப்பால் அன்றி வேறு உணவு இதன் உயிருக்கு ஆபத்து. தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று பதிவு பெற்ற மருத்துவச்சியாகிய நான் சான்றளிக்கிறேன்.

"இன்னும் ஒரு வரி" என்றார் புள்ளி சார். "மீறிப் பிரிப்பதென முடிவு செய்யும் அதிகாரி, விளைவுக்குத் தாமே பொறுப்பு என்று கீழே தம் பெயர், பதவி, தேதியுடன் கையெழுத்திட வேண்டும். அதுக்குக் கீழே ஒரு கோடு. காலியா."

அதிகாரி இதைப் படித்ததும் வலது காதை முன்னால் நீட்டினார். "இந்தக் கோட்டுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"நீங்க இல்லன்னா, உங்களுக்கு மேல இருக்கிறவருங்க ஐயா."

"அவர் போட மாட்டார்யா."

"எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த முகாமில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

தாள் மேலே போனது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு, அங்கிருந்து இன்னொரு மேசைக்கு என்று பத்தொன்பது நாள் சுற்றியது. கோடு காலியாகவே திரும்பி வந்தது. கூடவே இரண்டு உத்தரவுகள். ஒன்று, ஊரிலுள்ள குடிமகன் ஒருவர் பொறுப்பேற்று வீட்டில் வைத்துக்கொண்டால் தாயையும் சேயையும் சேர்த்தே விடலாம். இன்னொன்று, வரம்பு மீறி எழுதியதற்காகப் புள்ளி சாருக்கு ஒரு கண்டனக் கடிதம். அதற்கு அவர் முறைப்படி எண் போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மருத்துவச்சியின் தம்பி வந்து முகாம் அலுவலகத்தில் நின்றான். இப்போது அவன் கண்டக்டர் இல்லை. எதிரியின் தம்பியிடம் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று நாலு பேர் சண்டை பிடித்ததில், வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். பொறுப்பேற்றால் அந்த வேலையும் போகலாம் என்று அதிகாரி எச்சரித்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றான் தம்பி.

டைப்பிஸ்ட் கிளம்பும்போது மருத்துவச்சியின் காலைக் கட்டிக்கொண்டாள். "என் ரூம்ல படுத்துக்கோ. கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்து வை, குழந்தைக்கு வெயில் படணும்" என்று சொல்லி அனுப்பினாள் மருத்துவச்சி. இரும்புக் கதவு சாத்திய பிறகு, தன் வீட்டுக்கு வேறு யாரோ போகிறார்கள் என்பது நெஞ்சில் உறைத்தது. மறுநாள் சோதனை அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வயிற்றுவலி, காய்ச்சல், தலைசுற்றல் என்று வந்தவர்களை எல்லாம் பார்த்தாள்.

குளிர்காலம் வந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தார். மருத்துவச்சி ஒன்பது நாள் பக்கத்தில் இருந்தும் பிழைக்க வைக்க முடியவில்லை. அவருடைய வழக்கை விசாரிக்கத் தேதி குறித்த கடிதம் அடுத்த வாரம் வந்தது.

முகாமுக்கு வந்த ஏழாம் மாதம் மருத்துவச்சியின் முறை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு நெசவுக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தது. நடுவில் ஒரு நீதிபதி, ஒரு பக்கம் ராணுவ உடையில் ஒருவர், இன்னொரு பக்கம் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்.

"இந்தப் போர்ல யார் ஜெயிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று ராணுவக்காரர் கேட்டார்.

"நான் பிரசவம் பார்த்த பசங்க நிறையப் பேர் போர்முனையில இருக்காங்க. அவங்க உயிரோட வீடு திரும்பணும்."

"இந்தப் பக்கத்துப் பசங்களா?"

"நான் பார்த்ததெல்லாம் இந்தப் பக்கம்தான் சார். அந்தப் பக்கம் பார்த்தவளும் இதைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பா."

அவர் முகம் இறுகியது. ஏதோ எழுதினார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று மருத்துவச்சிக்கு ஒரு கணம் தோன்றியது.

நீதிபதி ஒரு கட்டுத் தாளைப் பிரித்தார். அறுபத்து மூன்று கடிதங்கள். மூன்று மாதமாக டைப்பிஸ்ட், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள் என்பது மருத்துவச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் கடிதம் பக்கத்துத் தெருப் போலீஸ்காரரின் மனைவி எழுதியது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் எழுதியிருந்தாள். நீதிபதி சிலவற்றை வாய்விட்டுப் படித்தார். 'கொட்டுற மழையில நடந்தே வந்தாங்க.' 'ஆஸ்பத்திரியில கைவிட்ட என் மகளைக் காப்பாத்தினாங்க.' 'திட்டுவாங்க, ஆனா நல்லவங்க.'

கடைசியில் பதிவுக் குமாஸ்தாவின் அறிக்கை. 'இவர் இருபத்திரண்டு ஆண்டுகளில் பதிவு செய்த பிறப்புகள் மூவாயிரத்து நூற்று நாற்பத்தாறு. கண்ட பிழைகள் பதினொன்று. அனைத்தும் விடுபட்ட புள்ளிகள்.'

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராணுவக்காரர் தான் எழுதியதை அடித்தாரா இல்லையா என்பது தெரியாது. அரை மணி நேரம் கழித்து நீதிபதி அவளை விடுவிப்பதாகச் சொன்னார். வாரம் ஒரு முறை காவல் நிலையத்தில் கையெழுத்து. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ரேடியோ வைத்திருக்கக் கூடாது.

வெளியே வந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. மூன்று பிள்ளைகளை அவள் கையில் பெற்ற ஒரு வீட்டுக்காரி, தெருவில் இவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனாள். பிரசவ ஆஸ்பத்திரி அவளைச் சேர்த்துக்கொள்ள இரண்டு மாதம் யோசித்தது. அதற்குள் வீட்டுக்கே ஆள் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் பின்வாசல் வழியாக, பிறகு முன்வாசல் வழியாக. முன்வாசலில் முதலில் வந்து நின்றவர் அந்தப் போலீஸ்காரர். "ஆமாக்கா, மூணாவதுதான்" என்று தலையைச் சொறிந்தார்.

போர் முடிந்து இரண்டு வாரத்தில் புகைப்படக்காரனை விட்டார்கள். குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. மருத்துவச்சியின் வீட்டில் நுழைந்தவன் பெட்டியைப் போட்டுவிட்டு மகளை வாரி எடுக்கப் போனான். அவள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் மருத்துவச்சியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"அவளுக்கு நீ யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் மருத்துவச்சி. "துரத்தாதே. தரையில உட்காரு, சாப்பிடு, உன் வேலையைப் பாரு. அவளா வருவா."

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் சாப்பிடும்போது இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அவன் மெல்லுவதையே கவனித்தாள். புகைப்படக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை மட்டும் பார்த்தான். டைப்பிஸ்ட் அடுப்படியில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை, தம்பி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மறுபடியும் கண்டக்டர் சட்டை போட்டிருந்தான். மருத்துவச்சி பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். வீட்டில் எல்லோரும் அவரவர் அவசரத்தில் இருந்தார்கள். குழந்தைக்கும் வெளியே போக வேண்டும். ஒரு செருப்பைத் தானே காலில் மாட்டிக்கொண்டாள்; இன்னொன்றின் வார் அவளுக்கு வசப்படவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள். செருப்பைத் தூக்கிக்கொண்டு நேராக வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவனின் மடியில் போட்டுவிட்டுக் காலை நீட்டினாள்.

"மாட்டு" என்றாள்.